சிரித்தால் கெட்டுப்போகுமா போராட்டம்?

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்காது."

2014இல் வந்த 'பிரைட்' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், இடதுசாரி நண்பர், தலித் இயக்க நண்பர், சினிமா விமர்சகர் என எல்லோரும் கடைசியில் இந்த ஒரு வரியில்தான் வந்து நிற்கிறார்கள். மற்ற விஷயங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் இதில் மட்டும் ஒரே குரல். திட்டினாலாவது பதில் சொல்லலாம். இது தோளில் தட்டிக் கொடுத்து, வாசல்வரை கொண்டுவந்து விட்டு, கதவைச் சாத்திக்கொள்கிற பாராட்டு.

படம் நடந்த கதையைச் சொல்கிறது. 1984 மார்ச்சில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தாட்சர் அரசை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுரங்கங்களை மூடாதே என்பதுதான் கோரிக்கை. சங்கத்தின் பணத்தை நீதிமன்றம் முடக்கியது. வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்த ஜூனில் லண்டனில் நடந்த தன்பாலீர்ப்பாளர் பேரணியில் மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்ற இரண்டு இளைஞர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு சுரங்கத் தொழிலாளிக்காகக் காசு கேட்டார்கள். நேற்றுவரை நம்மை அடித்த போலீஸ் இன்று அவர்களை அடிக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. வாளி ஒரு குழுவானது. தெற்கு வேல்ஸில் டுலைஸ் பள்ளத்தாக்கு என்ற இடத்தோடு குழுவுக்குத் தொடர்பு ஏற்பட்டது. லண்டன் பட்டணத்துப் பிள்ளைகள் வேனில் ஏறி ஆன்ல்வின் கிராமத்துத் தொழிலாளர் நலக்கூடத்தில் போய் இறங்கினார்கள். ஸ்டீஃபன் பெரெஸ்ஃபோர்டு எழுத, மாத்யூ வார்க்கஸ் இயக்கி, இதை ஒரு நகைச்சுவைப் படமாக எடுத்திருக்கிறார்கள்.

ஹைதராபாத் நாச்சாரத்தில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் இதைத் திரையிட்டோம். தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்த கூட்டம். முடிந்ததும், வேலூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து இங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சங்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "தம்பி, போராட்டம்னா ரத்தம். இதுல என்னடான்னா எல்லாரும் டான்ஸ் ஆடிட்டு இருக்காங்க. அவங்க தோத்துட்டாங்கப்பா. தோத்தவன் கதைய சிரிச்சுக்கிட்டே சொன்னா எப்படி?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த மென்பொருள் நிறுவனத்துப் பெண், "அங்கிள் சொல்றது கரெக்ட்தான். முதல்ல அவங்கவங்க பிரச்சினைய அவங்கவங்க பாக்கட்டும். அப்புறம் ஒண்ணு சேரலாம்" என்றார்.

இந்த இரண்டு பேச்சிலும் நம் காலத்தின் பொதுப்புத்தி முழுவதும் அடக்கம். சிரிப்பு போராட்டத்தை நீர்த்துப்போக வைக்கும் என்பது ஒன்று. ஒவ்வொரு இயக்கமும் முதலில் தன் வீட்டைக் கவனிக்கட்டும் என்பது இன்னொன்று. கூடவே, யாரும் வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: வெள்ளைக்காரனுக்கு இது சுலபம், நமக்குச் சாதி இருக்கிறது. மூன்றுமே தவறு என்பது என் கட்சி.

சிரிப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அடிப்படையான தவறு அங்கேதான் இருக்கிறது.

கிராமத்திலிருந்து நன்றி சொல்ல லண்டனுக்கு வருகிறார் டாய் டோனவன். வரச் சொன்னவர்களின் பெயர்ச் சுருக்கத்தில் முதல் எழுத்து லண்டனைக் குறிக்கிறது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். வந்து பார்த்தால் அது லெஸ்பியன். கொஞ்ச நேரத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஒரு மதுக்கூடத்தில், அத்தனை கண்களும் தன்னைப் பார்க்க, மேடையில் நின்று பேசியாக வேண்டும். அந்த மனிதர் முகத்தில் ஓடுகிறதே ஒரு தத்தளிப்பு, படம் முழுக்க அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பிறகு லண்டன் பிள்ளைகள் கிராமத்துக்குப் போகிறார்கள். நலக்கூடத்தில் மேசைக்கு ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், மறுபக்கம் விருந்தாளிகள், நடுவில் யாராலும் தாண்ட முடியாத மௌனம். ஜோனதன் என்கிறவர் பாட்டைப் போட்டு ஆட ஆரம்பிக்கிறார். பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆட்டம் தெரிந்தவனைப் பெண்களுக்குப் பிடிக்கிறது என்று கண்டுகொண்ட உள்ளூர்ப் பையன்கள் எங்களுக்கும் கற்றுக்கொடு என்று வந்து நிற்கிறார்கள். ஒரு பெண், ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைப்போல, சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களிடம் கேட்கிறார்: உங்கள் வீட்டில் வீட்டுவேலையை யார் செய்வது?

இந்தக் கேள்வியை எந்தக் கூட்டறிக்கையிலாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். கூட்டறிக்கைகளில் நாமெல்லாம் ஏற்கெனவே ஒன்று சேர்ந்துவிட்டவர்கள். "நாங்கள் தோளோடு தோள் நிற்கிறோம்" என்று எழுதிக் கீழே நாற்பது அமைப்புகள் கையெழுத்துப் போட்டிருக்கும். அந்த நாற்பதில் ஒருவர் வீட்டில் இன்னொருவர் ஒரு வாய் சோறு சாப்பிட்டிருப்பாரா என்று கேட்கக் கூடாது. இரண்டு இயக்கங்கள் சந்திக்கும்போது குறுக்கே நிற்பது கொள்கை வேறுபாடு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொள்கை வருவதற்கு வெகுநேரம் முன்பே கூச்சம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவரிடம் எப்படிப் பேசுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது, கைகொடுக்கலாமா, பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்களோ. இந்தக் கூச்சத்தைக் காட்டவும் கரைக்கவும் கலையில் ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. அதன் பெயர் நகைச்சுவை. துன்பியல் நாடகத்துக்கு இந்தக் காட்சியைக் கையாளத் தெரியாது. அது ஒரு பிணத்தைக் கொண்டுவந்து நடுவில் கிடத்தும், எல்லோரும் சுற்றி நின்று அழுவார்கள், ஒற்றுமை வந்துவிட்டதாகக் கதை முடியும்.

நிஜத்திலும் நாம் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறோம். 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தபோது இந்த ஊரில் சேராத இயக்கம் இல்லை. அம்பேத்கரியர், இடதுசாரிகள், முஸ்லிம் மாணவர்கள், பெண்கள் அமைப்புகள் என எல்லோரும் ஒரே பந்தலில் இருந்தார்கள். அந்த நாட்களின் மதிப்பை நான் குறைக்க வரவில்லை. ஆனால் பந்தல் பிரிந்த பிறகு எத்தனை பேர் பேசிக்கொண்டார்கள்? சாவுக்குக் கூடுகிறோம், சாப்பாட்டுக்குக் கூடுவதில்லை. அழுகையில் வரும் ஒற்றுமை உண்மையானதுதான். ஆனால் அது அடுத்த சாவுவரை காத்திருக்கும் ஒற்றுமை.

"தோத்தவன் கதைய சிரிச்சுக்கிட்டே சொன்னா எப்படி" என்று கேட்ட பெரியவருக்கு ஒரு விவரம். படம் தோல்வியை ஒளிக்கவில்லை. 1985 மார்ச் தொடக்கத்தில் தொழிலாளர்கள் எதையும் பெறாமல் வேலைக்குத் திரும்பியது படத்தில் இருக்கிறது. மார்க் ஆஷ்டன் 1987 பிப்ரவரியில், 26 வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்ததும் இருக்கிறது. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி மூடப்பட்டது 2015 டிசம்பரில், படம் வந்த மறு ஆண்டு. எழுதியவருக்கும் எடுத்தவருக்கும் முடிவு என்னவென்று தெரியாமலா இருந்தது? தெரிந்தே சிரிக்க வைத்தார்கள். அந்த ஓராண்டில் டுலைஸ் மக்கள் உண்மையில் சிரித்தார்கள், ஆடினார்கள், ஒரே கூடத்தில் விழுந்து தூங்கினார்கள். அதை விட்டுவிட்டு அடிதடியையும் ரத்தத்தையும் மட்டும் எடுத்திருந்தால் வரலாற்றில் பாதி காணாமல் போயிருக்கும். துக்கத்தை மட்டும் எடுத்தால் உண்மை, சிரிப்பையும் சேர்த்தால் பூச்சு என்பது என்ன நியாயம்?

நம் சினிமா இதே விஷயத்தை எப்படிச் செய்கிறது என்று பார்க்க நான் தூரம் போக வேண்டியதில்லை. என்.டி. ராமாராவ் எழுபதுகளில் தொடங்கிய ராமகிருஷ்ணா ஸ்டுடியோ எங்கள் நாச்சாரத்தில்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரில் 1977 பொங்கலுக்கு வந்தது 'தான வீர சூர கர்ணா'. சபையில் பிறப்பைக் காட்டி அவமானப்படுத்தப்பட்டவனுக்கு அங்க தேசத்தைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைக்கும் துரியோதனன் கதை. சாதியைக் கேள்வி கேட்கும் தோழமைக் கதை என்று இன்றும் தெலுங்கு நண்பர்கள் கொண்டாடுவார்கள். அதில் கர்ணன் என்.டி.ஆர். துரியோதனன் என்.டி.ஆர். கிருஷ்ணனும் என்.டி.ஆர். ஒடுக்கப்பட்டவன், அவனுக்குக் கைகொடுத்தவன், இருவரையும் கவிழ்த்தவன் எல்லாம் ஒரே நட்சத்திரம்! நம் வெகுஜன சினிமாவுக்குத் தெரிந்த கூட்டணி இதுதான். 1964இல் வந்த நம் 'கர்ணன்' படத்தில் கிருஷ்ணனாக வந்தவரும் அவர்தான் என்பதால் தமிழர்கள் தனியாகப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

அந்தக் கதை நமக்குள் விட்டுச் சென்ற கருத்து அதைவிட மோசமானது. தோழமை என்றால் செஞ்சோற்றுக் கடன். கொடுத்தவனுக்குக் கடைசிவரை கடன்பட்டவன், அவன் செய்வது தவறு என்று தெரிந்தாலும் அவனுக்காகச் சாகவேண்டியவன். இன்று இயக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக் கேட்கும் கேள்வி இதே அளவுகோலில்தான் பிறக்கிறது: "நாங்க அடிவாங்கினப்ப நீங்க எங்க இருந்தீங்க?" முன்பு வந்திருந்தால் இப்போது வருவோம், வராதிருந்தால் வரமாட்டோம். வரவு செலவு நோட்டு.

'ஆர்ஆர்ஆர்' இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. இரண்டு வெவ்வேறு போராட்டங்களின் தோழமையைப் பற்றி ஹைதராபாத் எடுத்த வரலாற்றுக் கற்பனை என்றால் 2022இல் வந்த இதுதான். அல்லூரி சீதாராம ராஜு 1922இலிருந்து 1924வரை கிழக்குத் தொடர்ச்சி மலையில் சென்னை மாகாண அரசின் வனச் சட்டக் கெடுபிடிகளை எதிர்த்த ரம்பா கிளர்ச்சியின் தலைவர். கொமரம் பீம் ஆதிலாபாத் காடுகளில் நிஜாம் அரசை எதிர்த்து நின்று 1940இல் ஜோடேகாட்டில் கொல்லப்பட்ட கோண்டு தலைவர். இருவரும் சந்தித்ததே இல்லை. சந்தித்திருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், அருமையான கேள்வி. ஆனால் சந்தித்து என்ன செய்கிறார்கள்? ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டு சுடுகிறார்கள். வனச் சட்டம் எங்கே? நிஜாம் எங்கே? நீர், காடு, நிலம் என்ற கோரிக்கை எங்கே? கோண்டுகளின் நிலம் என்ன ஆனது என்று யாராவது ஒரு வார்த்தை? படம் முடியும்போது பீம் ராமிடம் எழுத்துச் சொல்லிக்கொடு என்று கேட்கிறான். மேல்சாதி நண்பன் குரு, ஆதிவாசி மாணவன். இரண்டு போராட்டங்கள் சேர்ந்து ஒரு வாத்தியார் பிள்ளைக் கதை ஆகிவிட்டது. ராஜுவோடு நின்ற கம் கண்டம் தொரா, கம் மல்லு தொரா போன்ற மலைவாழ் தலைவர்களின் பெயர் பொதுநினைவில் அழிந்துபோனதற்கும் இதே பார்வைதான் காரணம்.

ரத்தம் வேண்டும் என்று கேட்டார்களே, 'ஆர்ஆர்ஆர்' படத்தில் குடம் குடமாக இருக்கிறது. எந்தப் படம் போராட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது? சங்கக் கமிட்டிக் கூட்டத்தில் வாக்கெடுப்பு, சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவுகிற கைகள், உண்டியல் கணக்கு என்று சின்னச் சின்னக் காரியங்களை விடாமல் காட்டிய சிரிப்புப் படமா, இரண்டு இயக்கங்களின் கோரிக்கைகளையும் விழுங்கிவிட்டு நாயகர்களின் புஜங்களை மட்டும் காட்டிய வீரப் படமா?

செஞ்சோற்றுக் கடனுக்குத் திரும்புகிறேன். பிரைட் கதையிலும் கடைசியில் கடன்தானே தீர்க்கப்படுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. 1985 ஜூனில் லண்டனில் நடந்த தன்பாலீர்ப்பாளர் பேரணிக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் பேருந்துகளில் வந்து இறங்கி, தங்கள் சங்கக் கொடியோடு முன்வரிசையில் நடந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேறியபோது சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மொத்த வாக்கும் அதற்கு விழுந்தது. கொடுத்தார்கள், வாங்கினார்கள் என்றுதான் மேலோட்டமாகத் தெரியும். தேதிகளைப் பாருங்கள். வேலைநிறுத்தம் மார்ச்சிலேயே தோற்றுவிட்டது. இனி வாளி தேவையில்லை. கிடைக்கப்போவதும் ஒன்றுமில்லை. ஓராண்டு சம்பளம் இழந்து கடனில் மூழ்கியவர்கள் கைக்காசு போட்டு லண்டன் வந்தது எந்த நோட்டில் எழுதுகிற வரவு? தொடக்கத்தில் இந்த இளைஞர்களும் திருப்பிக் கிடைக்கும் என்று கொடுக்கவில்லை. படத்தில் வருவதுபோல, பணத்தை வாங்கிக்கொள்ளவே ஆள் தேட வேண்டியிருந்தது. இடையில் அவர்கள் பழகிவிட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். பழகியவன் கூப்பிட்டால் போகிறோம், கணக்குப் பார்ப்பதில்லை.

அடுத்தது "வெள்ளைக்காரனுக்குச் சுலபம்" என்ற பேச்சு. இதைச் சொல்கிறவர்களுக்கு ஜெயாபென் தேசாயைத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 1976 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவித் தரும் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்த குஜராத்திப் பெண்கள்தான் முன்னே நின்றார்கள். புடவை கட்டி, மேலே கோட்டு மாட்டிக்கொண்டு, லண்டன் குளிரில் வாயிற்படி மறியல். தலைமை தாங்கிய ஜெயாபென் ஆள் குள்ளம், பேச்சு நெருப்பு. 1977 கோடையில் அவர்களுக்குத் துணையாக யார்க்ஷயரிலிருந்தும் தெற்கு வேல்ஸிலிருந்தும் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து அந்தத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளூர் அஞ்சல் ஊழியர்கள் அந்த நிறுவனத்தின் தபாலைத் தொட மறுத்தார்கள். 1978இல் அந்தப் போராட்டமும் தோற்றது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் ஆசியத் தொழிலாளியை எப்படி நடத்தின என்பது ஒன்றும் ரகசியமில்லை. வெள்ளைக்காரத் தொழிலாளிக்கும் நிறம் ஒரு சாதியாகத்தான் இருந்தது. சுலபமாக வரவில்லை, வேலை செய்து வரவழைத்தார்கள். இதில் 'பிரைட்' படத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. வேறு வகை மனிதர்களை அந்தச் சுரங்கக்காரர்கள் 1984இல்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்பதுபோலக் கதையை நகர்த்துகிறது. கிரன்விக் வாசலுக்குப் போன தெற்கு வேல்ஸ் மனிதர்கள் என்ன, காற்றிலா கரைந்துபோனார்கள்?

நமக்குச் சாதி இருக்கிறது என்பது உண்மை. அதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் 1921 சென்னையைக் காட்டுவார்கள். நானும் அதையே காட்டுகிறேன். 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னிற்க உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921இல் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தத்தை நடத்தியது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. வேலைக்குப் போங்கள் என்று ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் வாழ்ந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கி வெடித்தது, அக்டோபரில் வேலைநிறுத்தம் முறிந்தது. தொழிற்சங்க வரலாற்றில் இது "கருங்காலி"க் கதையாகவும், தலித் வரலாற்றில் துரோகக் கதையாகவும் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டு, பார்த்தாயா, இந்த மண்ணில் ஒன்று சேர முடியாது என்கிறார்கள்.

எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. மாதக்கணக்கில் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க ஊர்த்தெருக்காரனுக்கு ஒரு மாடோ, ஒரு துண்டு நிலமோ, கடன் தர ஒரு சொந்தக்காரனோ இருக்கலாம். சேரிக்காரனுக்கு ஆலைக் கூலியைத் தவிர என்ன இருந்தது? சாதாரண நாளில் தண்ணீர்ப் பானையைத் தொடவிடாதவன், வேலைநிறுத்த நாளில் "தோழா, என்னோடு பட்டினி கிட" என்றால் யார் கிடப்பார்கள்? புளியந்தோப்புக்கு முன்கூட்டியே யாராவது வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்களா? அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்களா? ஆட்டம் வேண்டாம், ஒரு சின்னக் கேள்வியாவது கேட்டார்களா? அன்று ஆலை வாசலில் முயற்சி தோற்கவில்லை. முயற்சியே நடக்கவில்லை. டுலைஸில் நடந்தது 1921க்கு எதிர்ச்சாட்சி. வேறுபாடு நிறத்திலும் நாட்டிலும் இல்லை, எந்த வரிசையில் காரியம் நடந்தது என்பதில் இருக்கிறது. அங்கே முதலில் போனார்கள், பிறகு கேட்டார்கள்.

"முதல்ல அவங்கவங்க பிரச்சினை" என்ற வாதத்துக்கு இப்போது வரலாம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இதே ஊரிலிருந்து ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். நிஜாம் ஆட்சியில் 1329 ஃபஸ்லியில், அதாவது 1919இல், ஒரு சட்டம் வந்தது. திருநங்கையரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெண்ணுடையில் பொது இடத்தில் காணப்பட்டாலோ, ஆடினாலோ பாடினாலோ வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், இரண்டாண்டுவரை சிறை. நிஜாம் போனார், ஹைதராபாத் மாநிலம் போனது, ஆந்திரம் வந்தது, தெலங்கானா வந்தது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. வைஜயந்தி வசந்த மொக்லி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2023இல்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. நூறாண்டுக்கு மேல்! இடையில் இந்த ஊரில் எத்தனை மகத்தான போராட்டங்கள் நடந்தன. ஒவ்வொன்றும் தன் பிரச்சினையைத்தான் முதலில் பார்த்தது. எண்ணிக்கையில் சிறுத்த ஒரு கூட்டத்திடம் "உன் வேலையை நீ பார்" என்று சொன்னால் கிடைக்கிற பலன் இதுதான்.

"அப்புறம்" என்பது இயக்கங்களுக்கு மிகவும் பிடித்த சொல். 1998 டிசம்பரில், இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன 'ஃபயர்' படம் ஓடிய திரையரங்குகளைச் சிவசேனை உடைத்தபோது டெல்லி ரீகல் திரையரங்கின் முன் மெழுகுவத்தி ஏந்திப் பலரும் கூடினார்கள். தாங்கள் லெஸ்பியன்கள், இந்தியர்கள் என்று எழுதிய பதாகையோடு சில பெண்கள் வந்து நின்றார்கள். கருத்துச் சுதந்திரம் பற்றிய போராட்டத்தில் இந்தச் சொல் எதற்கு என்று கூட்டத்துக்குள்ளேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. சில ஆண்டுகளில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவை எதிர்த்து டெல்லியில் உருவான கூட்டமைப்பில் பெண்கள் அமைப்புகளும் குழந்தை உரிமை அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் சேர்ந்தே இருந்தன, வழக்கிலும் நுழைந்தன. 2018 செப்டம்பர் 6 அன்று வந்த தீர்ப்பின் பின்னால் அந்தக் கூட்டு உழைப்பும் இருக்கிறது. நம் ஊரில் நடக்காது என்கிறார்கள். நடந்திருக்கிறது. படம்தான் எடுக்கவில்லை.

இன்னொன்று. "அவங்கவங்க பிரச்சினை" என்று பிரிக்க ஆட்கள் அப்படித் தனித்தனியாகவா இருக்கிறார்கள்? தூத்துக்குடியில் பிறந்த கிரேஸ் பானு தலித், அதே சமயம் திருநங்கை. கல்வியிலும் வேலையிலும் திருநர்களுக்கு, சாதி ஒதுக்கீட்டுக்குக் குறுக்காக உள்ஒதுக்கீடு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறார். அவர் எந்தப் பிரச்சினையை முதலில் பார்க்க வேண்டும், காலையில் ஒன்று மாலையில் ஒன்றா? 'பிரைட்' இந்த இடத்தில் கொஞ்சம் சறுக்குகிறது என்றுதான் சொல்வேன். இந்தப் பக்கம் நகரத்துத் தன்பாலீர்ப்பாளர், அந்தப் பக்கம் கிராமத்துத் தொழிலாளி என்று கோடு போட்டுவிட்டு, வேல்ஸில் பிறந்த கெத்தின், உள்ளூர்ப் பெரியவர் கிளிஃப் என்று ஓரிருவரை மட்டும் கோட்டின் மேல் நிறுத்துகிறது.

சறுக்கல்களைச் சொல்ல ஆரம்பித்த பிறகு பெரியதைச் சொல்லாமல் விடக்கூடாது. மார்க் ஆஷ்டன் கம்யூனிஸ்ட். இளங் கம்யூனிஸ்ட் கழகத்தின் பொதுச்செயலாளராகவே இருந்தவர். அவருக்கு இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை, அவருடைய அரசியலிலிருந்து வந்தது. படம் அதைக் கிட்டத்தட்ட மறைத்துவிட்டு நல்ல மனசுக்காரப் பையனாக அவரைக் காட்டுகிறது. தனியாகப் பிரிந்து இயங்கிய லெஸ்பியன் குழுவைக் கேலிப்பொருளாக்கியதும் நியாயமில்லை. ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் தங்கள் குரல் கேட்கவில்லை என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரிப்பது சோம்பேறி நகைச்சுவை. அமெரிக்காவில் டிவிடி விற்றவர்கள் இதையெல்லாம் தாண்டிவிட்டார்கள். அட்டைப் படத்தில் இருந்த பதாகையையே அழித்துவிட்டு, பின்னட்டைக் குறிப்பில் 'கே', 'லெஸ்பியன்' என்ற சொற்களையும் எடுத்துவிட்டு, ஏதோ லண்டன் இளைஞர்கள் யாருக்கோ உதவிய கதையாக விற்றார்கள். ரீகல் வாசலில் முகம் சுளித்தவர்களின் அமெரிக்கச் சொந்தக்காரர்கள்.

ஆனால் இந்தக் குறைகளில் எதுவுமே நகைச்சுவையால் வந்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கம்யூனிஸத்தை மறைத்தது சந்தைக்குப் பயந்து. அட்டையை அழித்தது கடைக்காரனுக்குப் பயந்து. எங்கெல்லாம் படம் பயந்ததோ அங்கெல்லாம் பொய் சொன்னது. எங்கெல்லாம் சிரித்ததோ அங்கெல்லாம் உண்மையைச் சொன்னது.

நாச்சாரத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும் நேரத்தில் தேநீர்க் கடையோரம் நின்றிருந்தால் ஒரு காட்சி கிடைக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளிகள் கூட்டமாக நிற்பார்கள். கைதட்டிக்கொண்டு இரண்டு திருநங்கையர் வருவார்கள். பத்து ரூபாய் கைமாறும், தலையில் கைவைத்து ஒரு ஆசீர்வாதம், அவ்வளவுதான். கொடுத்தவன் கண் ஃபோனில் இருக்கும், வாங்கியவர் கண் அடுத்த ஆளிடம் போயிருக்கும். தினம் சந்திக்கிறார்கள், ஒருநாளும் பேசிக்கொள்வதில்லை. இருவருக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம், இருவரையும் ரோந்து போலீஸ் ஒரே தொனியில்தான் அதட்டும். லண்டனில் தன்பாலீர்ப்பாளர்கள் தொழிலாளிக்காக வாளி ஏந்தினார்கள். இங்கே தொழிலாளியிடம் திருநங்கை கையேந்துகிறார். இவர்களுக்கிடையே முதல் பேச்சு எப்படித் தொடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயம் ஒரு முழக்கத்தில் தொடங்காது. ஏதோ ஒரு அசட்டுக் கேள்வியில்தான் தொடங்கும்.

அப்படியொரு படத்துக்கு ஹைதராபாத்தில் கதையா இல்லை? 2017இல் இந்திரா பார்க் பக்கத்தில் இருந்த தர்ணா சௌக்கை மாநில அரசு மூடியது. ஊருக்கு வெளியே எங்காவது போய்ப் போராடிக்கொள்ளுங்கள் என்றது. போராட இடம் வேண்டும் என்று போராட, ஒருவரையொருவர் ஜென்மப் பகையாளிகளாக நினைத்த கட்சிகளும் சங்கங்களும் மே 15 அன்று அங்கே சேர்ந்து வந்தன. எதிரே, தர்ணா சௌக் எங்களுக்கு வேண்டாம் என்று பதாகை பிடித்தபடி "உள்ளூர்வாசிகள்" உட்கார்ந்திருந்தார்கள். அந்த உள்ளூர்வாசிகளுக்கு நடுவே சாதாரண உடையில் பதாகையோடு ஒரு பெண் போலீஸ் ஆய்வாளரும் இருந்தது படம்பிடிக்கப்பட்டு ஊரே பார்த்தது. இதற்கு மேல் ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு என்ன வேண்டும்? ரத்தம் சிந்தும் நாயகன் இதற்குள் நுழைந்தால் கதையே கெட்டுப்போகும். வேண்டியது, சேர்ந்து வந்த இடத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் மைக்கை முதலில் பிடிப்பது, யார் கொடி உயரம் என்று குழம்பிய அந்தக் காலை நேரத்தைப் பொறுமையாகக் கவனிக்கத் தெரிந்த ஓர் எழுத்தாளர். எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார் என்று கேட்பீர்கள். டுலைஸ் கதையைக் கேள்விப்பட்டதிலிருந்து அதைப் படமாக்கச் சொல்லிச் சொல்லி பெரெஸ்ஃபோர்டு காத்திருந்தது ஏறக்குறைய இருபது ஆண்டுகள். நமக்கு 2017 ஒன்றும் அவ்வளவு பழையதல்ல. அந்த ஆய்வாளர் வேடத்துக்கு மட்டும் இப்போதே நல்ல நடிகையாகத் தேடி வைக்கலாம்.